சிரிக்க வைத்தவருக்கு ஒரு சிதாரா
முஈன் அக்தர் பெற்ற விருதுகளும் அவற்றுக்குப் பின்னால் உள்ள வரலாறும்

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைத்தார். அழுகை அதற்கு அடுத்ததாக வருகிறது. பெருமிதம் ஆறாவது இடத்தில்தான் நிற்கிறது. இலக்கணத்தில் நகைக்குக் கிடைத்த இந்த முதலிடம் நமது சபைகளில் அதற்குக் கிடைத்ததில்லை. வீரத்தைப் பாடியவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், சோகத்தை எழுதியவருக்குப் பட்டம் கொடுக்கிறோம். ஆட்களைச் சிரிக்க வைத்தவரை மட்டும் ‘அவன் நல்ல பகிடிக்காரன்’ என்று ஒரு சொல்லில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. மதிப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை ஒரு தனி மனிதரின் வாழ்க்கையை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பாகிஸ்தான் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் கலைஞர் மர்ஹூம் முஈன் அக்தருக்கு அந்த நாட்டு அரசு இரண்டு முறை தேசிய விருது கொடுத்தது. 1996இல் ஒன்று, 2011இல் மற்றொன்று. பகிடி சொன்ன ஒருவருக்கு ஒரு முஸ்லிம் நாடு ஏன் பதக்கம் அணிவித்தது, அதற்கு ஏன் இவ்வளவு காலம் எடுத்தது, அந்தப் பதக்கம் எதைக் கண்டுகொண்டது, எதைக் காணாமல் விட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கராச்சி தந்த கலைஞன்

முஈன் அக்தர் 1950 டிசெம்பர் 24ஆம் திகதி கராச்சியில் பிறந்தார். 2011 ஏப்ரல் 22ஆம் திகதி அதே நகரத்தில் மாரடைப்பால் மௌத்தானார். அப்போது அவருக்கு வயது 60. இந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில் உள்ள வாழ்க்கையை விளங்க வேண்டுமானால் முதலில் கராச்சியை விளங்க வேண்டும்.

1947க்குப் பிறகு அந்த நகரம் வந்து குடியேறியவர்களின் நகரமாக மாறியது. இந்தியாவின் பல பாகங்களிலிருந்து உருது பேசுகின்ற முஹாஜிர்கள் வந்தார்கள். குஜராத்திலிருந்தும் கத்தியவாரிலிருந்தும் மேமன் வணிகர்கள் வந்தார்கள். சிந்திகளும் பலூச்சிகளும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். வேலை தேடிப் பட்டாணியர்களும் பஞ்சாபிகளும் வந்து சேர்ந்தார்கள். வங்காளிகளும் இருந்தார்கள். ஒரே தெருவில் ஐந்தாறு பாஷைகள் கேட்கும். ஒவ்வொருவரும் உருதுவைத் தத்தமது தாய்மொழியின் சாயலில்தான் கதைப்பார்கள்.

அந்தத் தெருக்கள்தாம் முஈன் அக்தரின் பல்கலைக்கழகம் என்று சொல்லலாம். உருது, ஆங்கிலம், சிந்தி, பஞ்சாபி, பஷ்தூ, குஜராத்தி, மேமனி, வங்காளம் ஆகிய மொழிகளில் அவரால் சரளமாகக் கதைக்க முடிந்தது. அந்த மொழிக்காரர் உருது பேசும்போது எந்த எழுத்தில் தடுக்குவார், எந்த இடத்தில் குரலை இழுப்பார் என்பதும் அவருக்கு அத்துப்படி. கொழும்பு புறக்கோட்டையில் புடவை வாங்கப் போனவர்களுக்கு மேமன் முதலாளிமார் கதைக்கிற தோரணை தெரிந்திருக்கும். முஈன் அக்தர் ஒரு மேமன் சேட்டாக வந்து உட்காரும்போது நமது ஆட்களுக்கும் அது அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் முதன்முதலில் பொது மேடையில் அறியப்பட்டது 1966 செப்டெம்பர் 6ஆம் திகதி. 1965ஆம் ஆண்டு யுத்தத்தின் நினைவாகப் பாதுகாப்புத் தினம் கொண்டாடப்பட்ட நாள் அது. அப்போது அவருக்கு வயது 15. ஒரு யுத்தத்தின் நினைவு நாளில் ஒரு பகிடிக்காரன் பிறந்தான் என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய விடயம். பாகிஸ்தான் தொலைக்காட்சியும் அன்று குழந்தைதான். 1964 நவம்பர் 26ஆம் திகதி லாகூரில் அது தன் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. நமது நாட்டில் தொலைக்காட்சி வந்தது 1979இல். ரூபவாஹினி 1982இல். ஆகவே நாம் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த காலத்திலேயே முகத்தைக் காட்டிச் சிரிக்க வைக்கும் ஒரு தலைமுறை அங்கே உருவாகத் தொடங்கிவிட்டது. ஊடகமும் கலைஞனும் ஒன்றாக வளர்ந்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் பெற்ற விருதுகளைப் பார்க்க வேண்டும்.

பதக்கங்களின் ஏணி

பாகிஸ்தானின் சிவில் விருதுகள் 1957இல் ஏற்படுத்தப்பட்டவை. அவற்றின் பெயர்களைக் கேட்டாலே ஒரு ஒழுங்கு விளங்கும். மேலிருந்து கீழாக நிஷான், ஹிலால், சிதாரா, தம்ஙா என்று நான்கு படிகள். நிஷான் என்றால் சின்னம். ஹிலால் என்றால் பிறை, இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிதாரா என்றால் நட்சத்திரம். தம்ஙா என்றால் பதக்கம். ‘இம்தியாஸ்’ என்பது சிறப்பைக் குறிக்கும் அறபுச் சொல். ஆகவே சிதாரா-இ-இம்தியாஸ் என்பது ‘சிறப்பின் நட்சத்திரம்’. அந்த வரிசையில் அது மூன்றாவது படி.

இந்த ஏணிக்குப் பக்கத்தில் வேறொரு விருது நிற்கிறது. சனாதிபதியின் பெயரால் வழங்கப்படும் ‘ஹுஸ்ன்-இ-கார்கர்தகி’ விருது. ஆங்கிலத்தில் அதைப் ‘பிரைட் ஒஃப் பெர்ஃபோமன்ஸ்’ என்பார்கள். இலக்கியம், கலை, விளையாட்டு, மருத்துவம், விஞ்ஞானம் என்று பல துறைகளில் திறமை காட்டியவர்களுக்கு இது கொடுக்கப்படுகிறது. வழக்கமாக விருதுகள் ஓகஸ்ட் 14 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்படும். மறு வருடம் மார்ச் 23 பாகிஸ்தான் தினத்தில் அணிவிக்கப்படும்.

முஈன் அக்தருக்கு 1996இல் கிடைத்தது ஹுஸ்ன்-இ-கார்கர்தகி. 2011இல் கிடைத்தது சிதாரா-இ-இம்தியாஸ். கணக்குப் பாருங்கள். மேடை ஏறிய நாளிலிருந்து முதல் விருதுக்கு 30 வருடங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு இன்னும் 15 வருடங்கள். இரண்டாவது விருதின் ஆண்டும் அவர் இவ்வுலகை விட்டுப் பிரிந்த ஆண்டும் ஒன்றே.

இதே மேடைகளில் நின்ற மற்றவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். புஷ்ரா அன்ஸாரி என்ற நகைச்சுவை நடிகை பாடகிகளைப் போலப் பாடிக் காட்டுவதிலும் குரல் மாற்றுவதிலும் கெட்டிக்காரி. அவருக்கு ஹுஸ்ன்-இ-கார்கர்தகி 1989இலேயே கிடைத்துவிட்டது. முஈனுக்கு ஏழு வருடங்களுக்கு முன். ஆனால் சிதாராவுக்கு அவர் 2021 வரை, அதாவது 32 வருடங்கள், காத்திருக்க வேண்டி வந்தது. முஈனுக்கும் புஷ்ராவுக்கும் எழுதிக் கொடுத்தவர் அன்வர் மக்ஸூத். நாடகாசிரியர், ஓவியர், நிகழ்ச்சித் தொகுப்பாளர். அவருக்குச் சிதாராவுக்கு மேற்பட்ட ஹிலால்-இ-இம்தியாஸ் வழங்கப்பட்டது.

எழுதியவருக்குப் பிறை, பேசிக் காட்டியவருக்கு நட்சத்திரம். இதில் அநியாயம் நடந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அன்வர் மக்ஸூத் அந்த மதிப்புக்கு உரியவர்தான். ஆனால் எழுத்தை ஒரு படி மேலேயும் உடம்பாலும் குரலாலும் செய்யப்படுகின்ற கலையை ஒரு படி கீழேயும் வைக்கின்ற பழக்கம் நமக்கும் புதிதல்ல. இயல், இசை, நாடகம் என்று தமிழை நாம் வரிசைப்படுத்தும்போதும் நாடகம் கடைசியில்தான் வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஏணியில் நகைச்சுவை என்று தனியாக ஒரு படி கிடையாது. கலை என்ற பெரிய பெட்டிக்குள் பாடகர், ஓவியர், நாடக நடிகர் எல்லோரோடும் சேர்ந்துதான் பகிடிக்காரனும் நிற்க வேண்டும். அந்த வரிசையில் அவனுடைய முறை வருவதற்கு முப்பது வருடங்கள் எடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

எதற்காக அந்த விருது?

விருதுப் பத்திரத்தில் ‘கலைக்கு ஆற்றிய சேவை’ என்று இரண்டு சொல் எழுதிவிடலாம். அந்தச் சேவை எப்படிப்பட்டது என்பதை அவருடைய வேலையில்தான் தேட வேண்டும். இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது, 1990இல் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் வந்த ‘ரோஸி’ நாடகம். இம்ரான் அஸ்லம் எழுத, ஸாஹிரா காஸ்மி நெறிப்படுத்தினார். 1982இல் டஸ்டின் ஹொஃப்மன் நடித்து வந்த ‘டூட்ஸி’ என்ற அமெரிக்கப் படத்தின் தழுவல் அது. வேலை கிடைக்காத ஹாரூன் என்ற நடிகன் பெண் வேடம் பூண்டு ரோஸி என்ற பெயரில் வாய்ப்புத் தேடிப் போகிறான், பிரபலமாகிறான் என்பதுதான் கதை. ஹாரூனும் ரோஸியும் முஈன் அக்தரே.

இந்த நாடகத்தின் காலத்தை மறந்துவிட்டு அதன் அருமையை அளக்க முடியாது. ஸியாவுல் ஹக்கின் ஆட்சி 1977இலிருந்து 1988 ஓகஸ்ட் 17இல் அவர் விமான விபத்தில் இறக்கும் வரை நீடித்தது. திரையில் தோன்றும் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று அந்த ஆட்சியில் பணிப்பு வந்தது. அந்தக் காலம் முடிந்து இரண்டு வருடங்களுக்குள் அதே அரச தொலைக்காட்சியில் ஓர் ஆண் நடிகர் பெண்ணாக வருகிறார். வேறு ஒருவர் செய்திருந்தால் அது இரண்டு நிமிடத்தில் கூத்தாகப் போயிருக்கும். ஆண் சேலை கட்டினால் ஆட்கள் சிரிக்கத்தான் செய்வார்கள், அதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. முஈன் அக்தர் அந்த இலகுவான சிரிப்பை விட்டுவிட்டார். அவருடைய ரோஸி மானமுள்ள ஒரு பெண். வேலைக்குப் போகிற பெண்ணிடம் ஆண்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அந்தப் பாத்திரத்தின் வழியாகப் பார்வையாளர்கள் கண்டார்கள். ரோஸியைப் பார்த்துச் சிரிக்க உட்கார்ந்த ஆண்கள் கடைசியில் தங்களைப் பார்த்தே சிரிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, 2005இல் ஏஆர்வை டிஜிட்டல் அலைவரிசையில் தொடங்கிய ‘லூஸ் டோக்’. பிபிசியின் ‘ஹார்ட் டோக்’ நேர்காணலைப் பகிடி பண்ணும் தலைப்பு. ஒரு மேசை, இரண்டு கதிரை. ஒரு பக்கத்தில் அன்வர் மக்ஸூத் கேள்வி கேட்பார். மற்றப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புது மனிதர் வந்து உட்காருவார். அரசியல்வாதி, வியாபாரி, கிரிக்கெட் வீரர், கவிஞர், பொலிஸ்காரர், வேலையில்லாத இளைஞர். எல்லோரும் முஈன் அக்தரே. ஏறத்தாழ 400 நிகழ்ச்சிகள் இப்படி வந்தன.

ஆடல் பாடல் கிடையாது. விழுந்து புரளுவது கிடையாது. நடிகர் கதிரையை விட்டு எழும்புவதே அபூர்வம். கழுத்துக்கு மேலே உள்ள உடம்பையும் குரலையும் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மனிதர்களைப் படைக்க வேண்டும். இது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது, நாடகப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற ஆசிரியர்களுக்கு விளங்கும். ஒரு கிழவர் வேடத்துக்கு ஒரு பிள்ளையைத் தயார்படுத்தும்போது அவன் முதலில் செய்வது முதுகைக் கூனுவதும் இருமுவதும்தான். பத்து வருடங்களாக இதைப் பார்த்து வருகிறேன். கிழவரின் அவசரமின்மையை, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அவர் விடுகிற மௌனத்தைப் பிடிப்பதற்கு அவனுக்கு வருடங்கள் வேண்டும். முஈன் அக்தரிடம் இருந்தது அந்த மௌனம். கேள்வி கேட்கப்பட்டதும் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். முதலில் அந்த மனிதர் யோசிப்பார், அதற்குப் பிறகுதான் பேசுவார். சிரிப்பு அந்த யோசனையிலேயே தொடங்கிவிடும்.

பரிகாசம், பகிடி, அதபு

இந்த இடத்தில் நமது வாசகர்களில் சிலர் கேட்கக் கூடிய ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு சமூகத்தாரின் பேச்சைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பு மூட்டுவது சரியா? ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது என்பது சூரா ஹுஜுராத் நமக்குக் கற்பித்த ஒழுக்கம். மேமனைப் போல, பட்டாணியைப் போல, வங்காளியைப் போலப் பேசுகிற கலை அந்த எல்லையைத் தாண்டவில்லையா?

நகை பிறக்கும் இடங்களில் ஒன்றாகத் தொல்காப்பியர் எள்ளலையும் சொல்கிறார். உரையாசிரியர்கள் எள்ளலை இரு பக்கமாகவும் விளக்கியிருக்கிறார்கள். தான் பிறரை எள்ளுவதும் உண்டு, பிறர் தன்னை எள்ளுவதும் உண்டு. முஈன் அக்தரின் கலையை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அவர் ஒரு பட்டாணியின் உருதுவைப் பேசும்போது அந்தப் பட்டாணியைப் புத்தியில்லாதவராகக் காட்டுவதில்லை. பெரும்பாலும் கேள்வி கேட்பவரை மடக்கிவிடுபவரே அந்த மனிதர்தான். உச்சரிப்பு பிழையாக இருக்கும், சொல்லுகிற நியாயம் சரியாக இருக்கும். அதிகாரத்தில் இருக்கிறவர் வேடத்தில் வரும்போது நிலைமை தலைகீழ். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், நியாயம் கோணலாக இருக்கும். எளியவனுக்கு வாயும் வலியவனுக்குக் குட்டும் என்பது அவருடைய வழி. ஆபாசத்தைத் தொடாமல் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கக் கூடிய நகைச்சுவை என்று அவருக்குக் கிடைத்த நற்பெயரும் இதனால் வந்ததுதான்.

பிறர் நம்மைப் போலப் பேசிக் காட்டும் அனுபவம் இலங்கை முஸ்லிம்களுக்கும் உண்டு. நமது வானொலியில் புகழ்பெற்று 1976இல் திரைப்படமாகவும் வந்த ‘கோமாளிகள்’ கதையில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தை எஸ். ராம்தாஸ் ஏற்றார். முஸ்லிம் அல்லாத ஒரு கலைஞர் நமது பேச்சு வழக்கைப் பேசினார். மரிக்கார் என்ற பெயர் அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு ‘மரிக்கார்’ ராம்தாஸ் என்றே ஆகிவிட்டது. ஒரு சமூகத்தின் பேச்சைச் சரியாகப் பேசுகிற கலைஞனை அந்தச் சமூகம் தன் ஆளாகவே எடுத்துக்கொள்கிறது. எந்த அரசும் கொடுக்க முடியாத விருது அது. கராச்சியில் முஈன் அக்தருக்கு அப்படிப்பட்ட விருதை எட்டு மொழிக்காரர் கொடுத்தார்கள்.

அரசின் திரை, அரசின் பதக்கம்

பாகிஸ்தானில் தனியார் அலைவரிசைகள் பெருகியது 2002க்குப் பிறகு. அதுவரை ஏறக்குறைய நாற்பது வருடங்கள் நாட்டுக்குள் அரச தொலைக்காட்சிதான் ஆட்சி செய்தது. ஆகவே முஈன் அக்தரின் முதல் 35 வருடத் தொழில் வாழ்க்கை பெரும்பாலும் அரசாங்கத்தின் கையில் உள்ள ஒரு திரைக்குள் நடந்தது. அந்தத் திரையில் யார் தோன்றலாம், என்ன சொல்லலாம் என்று தீர்மானித்ததும் அரசு. பிறகு அவருக்கு விருது கொடுத்ததும் அரசு.

இது ஒரு சிக்கலான உறவு. அரசைக் குத்தாத பகிடிக்குச் சுவை இல்லை. அரசை நேரடியாகக் குத்தினால் அடுத்த கிழமை நிகழ்ச்சி இல்லை. அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் கண்ட வழி மறைமுகம். பெயர் சொல்லாமல் ஆளைக் காட்டுவது. அமைச்சரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு குமாஸ்தாவைச் சொல்வது. ஸியாவின் காலத்திலேயே ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’ போன்ற நகைச்சுவைத் தொடரும், அன்வர் மக்ஸூத்தின் ‘ஆங்கன் டேடா’ நாடகமும் வந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த மறைமுகத்தின் வலிமை விளங்கும். தணிக்கையாளரின் கத்திரிக்கோல் சொல்லை வெட்டும், தொனியை வெட்ட அதனால் முடியாது.

அப்படியானால் அரசு கொடுத்த பதக்கம் வாயை மூடுவதற்கான விலையா? 1996க்குப் பிறகு முஈன் அக்தர் செய்த வேலைதான் இதற்குப் பதில். அவருடைய கூர்மையான அரசியல் பகிடிகள் பலவும் ‘லூஸ் டோக்’ காலத்தவை. அதாவது முதல் விருது கிடைத்து ஒன்பது வருடங்களுக்குப் பிறகு வந்தவை. பதக்கம் அவருடைய நாக்கை மழுங்கச் செய்யவில்லை.

எல்லைக்கு அப்பால் ஒருவர்

இந்தியாவில் இதே காலத்தில் வாழ்ந்த ஜஸ்பால் பட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1955இல் அமிர்தசரஸில் பிறந்த சீக்கியர். மின் பொறியியல் படித்தவர். சண்டிகரில் மாணவராக இருக்கும்போதே ‘நொன்சென்ஸ் கிளப்’ என்ற பெயரில் தெரு நாடகம் போட்டவர். ‘த ட்ரிபியூன்’ பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைந்தவர். தூர்தர்ஷனில் ‘உல்டா புல்டா’ என்ற சின்னச் சின்னத் துணுக்குகளாலும், 1989இல் வந்த ‘ஃபுளொப் ஷோ’வாலும் நாடு முழுக்க அறியப்பட்டார். ‘ஃபுளொப் ஷோ’ மொத்தமாக வந்தது பத்தே பத்து நிகழ்ச்சிகள். இலஞ்சம் வாங்குகிற அதிகாரியையும், மாணவனை வீட்டு வேலைக்காரனாக்கும் ஆராய்ச்சி மேற்பார்வையாளரையும் அது அரச தொலைக்காட்சியிலேயே சிரிப்புக்கு ஆளாக்கியது.

2012 ஒக்டோபர் 25ஆம் திகதி வீதி விபத்தில் பட்டி இறந்தார். அவர் எடுத்த ‘பவர் கட்’ திரைப்படம் அடுத்த நாள் வெளியாக இருந்தது. அதை விளம்பரப்படுத்தும் பயணத்தில்தான் உயிர் போனது. மூன்று மாதங்களுக்குப் பிறகு, 2013 சனவரியில் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருதை அறிவித்தது. இந்தியாவின் சிவில் விருதுகளில் அதுவும் மூன்றாவது படிதான்.

இரண்டு பகை நாடுகள் தங்கள் தங்கள் பகிடிக்காரனை ஒரே உயரமுள்ள படியில் வைத்திருக்கின்றன. வாழ்நாள் முழுவதும் அரச அலுவலகங்களைக் கேலி செய்த பட்டிக்கு அந்த அரசின் பதக்கம் மையித்தான பிறகுதான் போய்ச் சேர்ந்தது. உயிரோடு இருந்து அதை வாங்கியிருந்தால் அந்த விழாவைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி செய்திருப்பார். இறந்துபோன பகிடிக்காரனைக் கௌரவிப்பது அரசுகளுக்கு இலகு, ஏனென்றால் அவன் இனி ஒன்றும் திருப்பிச் சொல்லமாட்டான். முஈன் அக்தர் தம் முதல் விருதை 45 வயதளவில், தொழிலின் உச்சத்தில், உயிரோடு பெற்றார் என்பது இந்த ஒப்பீட்டில் பெரிய விடயமாகத் தெரிகிறது.

பதக்கம் எதைச் செய்யாது

முஈன் அக்தரோடு மேடைகளில் சேர்ந்து நடித்தவர் உமர் ஷரீப். ‘பக்ரா கிஸ்தோன் பே’ என்ற அவருடைய மேடை நாடகம் வீடியோ கசற்றுகளாகி எல்லை தாண்டிப் போனது. இந்தியாவிலும் வளைகுடாவிலும் அவருக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது. அவருக்கும் தம்ஙா-இ-இம்தியாஸ் கிடைத்திருந்தது.

2021இல் அவர் கடும் நோயில் விழுந்தபோது வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவும்படி பகிரங்க வேண்டுகோள் விடுக்கப்பட்டது. சிந்து மாகாண அரசு நான்கு கோடி ரூபா ஒதுக்கியது. அம்பியூலன்ஸ் விமானம் அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டது. வழியில் ஜேர்மனியில் இறங்க வேண்டியதாயிற்று. ஒக்டோபர் 2ஆம் திகதி நியூரம்பேர்க் நகரில் அவர் மௌத்தானார். ஜனாஸா கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு அப்துல்லாஹ் ஷா காஸி ஸியாரத்தை அடுத்த மையவாடியில் அடக்கப்பட்டது.

அரசு உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உதவி கேட்டு வாய் திறக்க வேண்டிய நிலைக்கு ஒரு கலைஞன் வந்தான் என்பதுதான் வருத்தம். மார்ச் 23ஆம் திகதி நெஞ்சில் குத்துகிற பதக்கம் ஒரு நாளுக்குரிய மரியாதை. முதுமைக்கும் நோய்க்கும் உரிய ஏற்பாடு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் ‘விருது கொடுத்துவிட்டோமே’ என்ற நிம்மதி சமூகங்களுக்கு வந்துவிடுகிறது.

பதக்கம் செய்யாத இன்னொரு காரியமும் உண்டு. அது கலையைப் பாதுகாக்காது. கவிஞனுடைய கவிதை புத்தகத்தில் இருக்கும். பகிடிக்காரனுடைய கலை குரலிலும் முகத்திலும் இருக்கிறது. எழுத்தில் எடுத்து வைத்தால் பாதி செத்துவிடும். முஈன் அக்தர் தப்பினார், ஏனென்றால் ‘ரோஸி’யும் ‘லூஸ் டோக்’கும் இன்று யாரும் கைத்தொலைபேசியில் பார்க்கக் கூடியதாக இருக்கின்றன. அவர் பிறந்த நாட்டோடு பேச்சுவார்த்தையே இல்லாத காலத்திலும் இந்திய இளைஞர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 1996ஐயும் 2011ஐயும் போல இந்த மதிப்புக்குத் திகதி குறிக்க முடியாது.

நமக்கு உள்ள வேலை

முஈன் அக்தருடைய வரலாற்றை வெறும் புகழ்மாலையாக எழுதி முடிக்க நான் விரும்பவில்லை. அதிலிருந்து நமது சமூகம் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று மூன்று விடயங்கள் எனக்குப் படுகின்றன.

ஒன்று, நகைச்சுவையைத் தனிக் கலையாக எண்ணிப் பரிசளிக்கப் பழக வேண்டும். நமது பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிகளிலும் மீலாத் விழாக்களிலும் பேச்சுக்குப் பரிசு உண்டு, பாட்டுக்குப் பரிசு உண்டு. மூன்றாம் தவணை கடைசி நாளில் வகுப்பையே வயிறு குலுங்க வைக்கின்ற பிள்ளைக்குக் கிடைப்பது ‘இருடா’ என்ற ஒரு அதட்டல்தான். அவன் அதிபரைப் போலப் பேசிக் காட்டும்போது அதிபரை எவ்வளவு உன்னிப்பாக அவதானித்திருக்கிறான் என்பதை யாரும் பார்ப்பதில்லை. அவதானிப்புத்தான் அந்தக் கலையின் முதல் பாடம்.

இரண்டு, அந்தப் பிள்ளைக்கு எல்லையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். திக்குவாய்க்காரனைப் போலப் பேசிச் சிரிப்பு மூட்டுவது இலகு, அது பரிகாசம். கடன் கேட்டு வந்தவனிடம் நியாயம் பேசுகிற முதலாளியைப் போலப் பேசிச் சிரிக்க வைப்பது கஷ்டம், அது பகிடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ‘லூஸ் டோக்’கின் ஒரு நிகழ்ச்சியைப் போட்டுக்காட்டியே விளக்கிவிடலாம்.

மூன்று, நமது ஊர்களில் கல்யாண வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் பகிடி சொல்லிப் பெயரெடுத்த முதியவர்களின் குரலைப் பதிவுசெய்து வைக்க வேண்டும். இதற்கு அரசாங்கம் வேண்டியதில்லை, பதக்கம் வேண்டியதில்லை. ஒரு கைத்தொலைபேசியும் ஒரு பின்னேரமும் போதும். எந்த ஊரில், எந்த வருடம், யாருடைய வாயிலிருந்து என்று மூன்று வரி குறித்து வைத்தால் அது ஆய்வுக்கு உரிய ஆவணமாகிவிடும். இந்தச் சஞ்சிகையைப் படிக்கின்ற ஆசிரியர்கள் ஊருக்கு ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொண்டாலே நமது பேச்சு வழக்கின் ஒரு பெரும் பகுதி காப்பாற்றப்படும். அந்த முதியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், எத்தனை காலத்துக்கு என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.